அல்சூர் பாட்டுக் கூடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில், ஒரு நண்பர் வீட்டு மாடி அறையில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம் நாங்கள் கூடுகிறோம். தமிழில் பாட்டு எழுதுபவர்களும் மெட்டுப் போடுபவர்களும் தங்கள் பாட்டைப் பாடிக் காட்டுவார்கள். பல வருடங்களாக மேடையிலும் ஸ்டூடியோவிலும் வாசித்த கலைஞர் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து கேட்டு, சொல்லித் தருவார்கள். புதிதாக வருபவர்களிடம் போனில் பேசுவது என் வேலை. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது என்ன, கச்சேரியா? வகுப்பா? எனக்குப் புரியலை.

இரண்டும் இல்லை. கச்சேரியில் முடிந்த பாட்டைப் பாடுவார்கள். இங்கே முடியாத பாட்டைப் பாடுகிறோம். வகுப்பில் ஆசிரியர் பாடம் கொண்டுவருவார். இங்கே நீங்கள் கொண்டுவரும் பாட்டுதான் அன்றைய பாடம். அன்று மூன்று பாட்டு காதல் பாட்டாக வந்தால் காதல் பாட்டைப் பற்றிப் பேசுவோம். தாலாட்டு வந்தால் தாலாட்டு.

நான் பாட்டு கிளாஸுக்கே போனதில்லை. ராகம், தாளம் ஒண்ணும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். வருபவர்களில் பாதிப் பேருக்கு ராகத்தின் பெயர் தெரியாது. தாளத்தைப் பொறுத்தவரை, உங்கள் பாட்டை ஒரே வேகத்தில் கை தட்டிக்கொண்டு பாட முடிந்தால் போதும். அது எட்டா, ஏழா, ஐந்தா என்று எண்ணிச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. எண்ணிச் சொன்ன பிறகு நீங்களே எண்ணத் தொடங்கிவிடுவீர்கள்.

குரல் நன்றாக இல்லை என்று தயங்குபவர்கள் நிறைய. பாடகரைத் தேடும் இடம் இல்லை இது. மெட்டு கேட்பவருக்குப் போய்ச் சேரும் அளவுக்கு பாடினால் சரி. அதுவும் முடியாவிட்டால் இன்னொருவர் உங்களுக்காகப் பாடுவார்.

எனக்கு வரி மட்டும்தான் எழுத வரும், மெட்டுப் போட வராது. அப்போ என் பாட்டை எப்படிப் பாடிக் காட்டுறது?

வரிகளை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வாசிக்கும்போதே அதில் ஒரு ஓசை இருக்கும். மெட்டுப் போடுபவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்வார். நாட்டுப்புறப் பாட்டு பலவும் இப்படிச் சொல்லின் ஓசையிலிருந்து வந்ததுதான். இதற்கு நேர்மாறாக, மெட்டு மட்டும் போடத் தெரிந்தவர்கள் ‘தன்னன்னா’ என்று தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார்கள். அதைப் போனில் பதிந்துகொண்டு போய், எழுதுபவர் அடுத்த மாதம் வரிகளோடு வருவார். எங்கள் நல்ல பாட்டுகளில் சில இப்படி இரண்டு அந்நியர்கள் சேர்ந்து செய்தவை.

நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவ. தமிழ் பேசுவேன், எழுதத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்துல எழுதிட்டு வரலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரலில் ஒரு கூச்சம் இருக்கும். கூச்சமே வேண்டாம். மர்ஃபி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் படித்தது கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ. வீட்டில் பாட்டி பாடிய தாலாட்டு முழுக்க நினைவிருக்கும், அதை எழுதத்தான் வராது. பாட்டு காதுக்கு உரியது. நீங்கள் எதில் எழுதினாலும் எங்களுக்குச் சம்மதம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் குறிலும் நெடிலும் கலந்துவிடும். ‘கலை’ என்று எழுதியதைப் பாடுபவர் ‘காலை’ என்று படிப்பார். கன்னட எழுத்து தெரிந்தவர்கள் அதில் எழுதுவது நல்லது. குறில் நெடில், லகரம் ளகரம் எல்லாம் அதில் தெளிவாகப் பிரியும். இன்றைய கன்னடத்தில் ழகரம் மட்டும் இல்லை, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவர் இப்படித்தான் எழுதுகிறார். அவர் வரிகளில் குறில் நெடில் பிசகியதே இல்லை.

முதல் தடவை வர்றப்போ என்ன எடுத்துட்டு வரணும்?

ஒரே ஒரு பாட்டு. வரிகளின் பத்துப் பிரதி. பக்கவாத்தியம் இல்லாமல், வெறும் குரலில் பாடி போனில் பதிந்த ஒரு பதிவு. அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் உதவும். உங்கள் சுருதி (எந்தக் கட்டையில் பாடுகிறீர்கள் என்பது) தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அங்கே பார்த்துக்கொள்ளலாம். கீபோர்டில் ‘சி’ என்பது 1 கட்டை, ‘ஜி’ என்பது 5 கட்டை, அவ்வளவுதான் கணக்கு. மெட்ரோவில் வருபவர்கள் பர்ப்பிள் லைனில் ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம்.

காசு எவ்வளவு? அதை என்ன செய்றீங்க?

வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தடவைக்கு 200 ரூபாய். மாணவர்களிடம் வாங்குவதில்லை. சேரும் தொகை முழுவதும் அன்று வந்திருக்கும் கலைஞருக்கு, வெற்றிலைப் பாக்கோடு உறையில் வைத்துக் கொடுக்கப்படும். டீயும் நிப்பட்டும் வீட்டுக்காரர் செலவு.

“அவர்கள் ஆர்வத்தில் வருகிறார்கள், பணம் எதற்கு?” என்று ஒருவர் கேட்டார். ஆர்வத்தில்தான் வருகிறார்கள். ஆனால் முப்பது வருடம் வயலின் வாசித்தவரின் ஒரு ஞாயிறு மதியம் என்பது, கல்யாண ரிசப்ஷனிலோ கோயில் திருவிழாவிலோ வாசித்துச் சம்பாதித்திருக்கக்கூடிய நேரம். அந்த வருமானத்துக்கு எங்கள் உறை ஈடாகாது. அதற்காக உறையே இல்லாமல் அனுப்புவது தவறு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பொண்ணு தனியா வரலாமா? எத்தனை மணிக்கு முடியும்?

வரலாம், வருகிறார்கள். 2 மணிக்குத் தொடங்கி 6 மணிக்குள் முடித்துவிடுவோம். தூரத்திலிருந்து வரும் பெண்கள் இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்றுதான் இந்த நேரத்தை வைத்தோம். வீட்டு அம்மா எப்போதும் அங்கேயே இருப்பார்கள், பாட்டும் கேட்பார்கள். பல நேரம் மிகச் சரியான கருத்து அவர்களிடமிருந்துதான் வரும்.

அன்னைக்கு என்னதான் நடக்கும்? பாடினதும் எல்லாரும் திட்டுவாங்களா?

ஒரு பாட்டுக்கு 30 நிமிடம், அன்றைக்கு ஆறு பாட்டு. நடுவில் டீ. பாட்டு இரண்டு தடவை பாடப்படும். முதல் தடவை யார் கையிலும் காகிதம் இருக்காது. பாட்டைப் பற்றி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. “இது என் அப்பாவுக்காக எழுதியது” என்றுகூடச் சொல்லக்கூடாது. பாடி முடித்ததும், என்ன கேட்டது, என்ன புரிந்தது என்று மட்டும் ஒவ்வொருவரும் சொல்வார்கள். அப்பாவைப் பற்றிய பாட்டு என்று யாருக்குமே புரியவில்லை என்றால், அன்றைக்கு நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான். வெளியில் பாட்டு கேட்கப்போகிறவர்களிடம் நீங்கள் போய் நின்று விளக்க முடியாது அல்லவா?

அப்புறம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாவது தடவை பாடுவீர்கள். இப்போது எந்த இடம் மனதில் நின்றது, எந்த இடத்தில் காது தடுக்கியது என்று சொல்வார்கள். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், பதில் சொல்லக்கூடாது. எல்லாரும் சொன்ன பிறகு மூத்த கலைஞர் பேசுவார். கடைசி ஐந்து நிமிடம் உங்களுடையது, அப்போது கேள்வி கேட்கலாம். திட்டுவது என்பது எங்கள் அறையில் நடந்ததில்லை.

பெரியவங்க சொல்றதைக் கேட்கத்தானே வர்றோம்? அவங்களை ஏன் கடைசியில பேச வைக்கிறீங்க?

முதலில் அவர்களைத்தான் பேச வைத்தோம். ஒரு தடவை வயலின் வாசிக்கும் அம்மா, ஒரு பாட்டைக் கேட்டதும், ராகத்தைக் கையாண்ட விதம் அழகு என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பேசிய பதினோரு பேரும் ராகம் அழகு என்றே சொன்னார்கள். டீ குடிக்கும்போது மெதுவாக விசாரித்தால், ஐந்து பேருக்கு இரண்டாவது சரணம் புரியவே இல்லை. அந்த அம்மாதான் அடுத்த மாதம், “என்னைக் கடைசியில் கூப்பிடுங்கள், நானும் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறேன்” என்றார்.

எனக்கு இசை தெரியாது. அடுத்தவர் பாட்டைப் பத்தி நான் என்ன சொல்ல முடியும்? “நல்லாயிருக்கு”ன்னு சொன்னா போதாதா?

போதாது. “நல்லாயிருக்கு” என்பதை வைத்துக்கொண்டு எழுதியவர் வீட்டில் போய் எதையும் திருத்த முடியாது. “மூன்றாவது வரி வந்தபோது என் கவனம் வெளியே போய்விட்டது” என்று சொல்லிப் பாருங்கள். இதைச் சொல்ல இசையறிவு வேண்டாம், நேர்மை வேண்டும். ஏன் கவனம் போனது என்று கண்டுபிடிப்பது எழுதியவர் வேலை, அதற்கு உதவுவது கலைஞர் வேலை. இடத்தைக் காட்டுவதுதான் உங்கள் வேலை.

தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். “இங்கே நிலா என்று போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொன்னால், அது அவர் பாட்டாக இருக்காது, உங்கள் பாட்டாகிவிடும்.

எப்பவும் “வார்த்தை மெட்டுல உட்காரலை”ங்கிறீங்களே, அப்படின்னா என்ன?

எங்கள் அறையில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மெட்டில் நீளும் இடமும் குறுகும் இடமும் இருக்கின்றன. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் தன் அளவு இருக்கிறது. நீளும் இடத்தில் நெடிலும் குறுகும் இடத்தில் குறிலும் விழுந்தால் சொல் உட்காரும். மாறி விழுந்தால் பாடுபவர் இழுத்தோ நசுக்கியோ சரிக்கட்டுவார், சொல் வேறாகிவிடும். ‘மலை’யை இழுத்தால் ‘மாலை’. கேட்பவருக்கு மலை போய்ப் பொழுது சாய்ந்துவிடும்.

ஒருவர் அல்சூர் ஏரியைப் பற்றிப் பாட்டு கொண்டுவந்தார். மெட்டு ‘தானனா தானனா’ என்று தொடங்கியது. அதில் அவர் ‘அல்சூர் ஏரி’ என்று எழுதியிருந்தார். ‘தானனா’வுக்கு இழுக்கப் போய் அது ‘ஆலசூர்’ ஆகி, கேட்டவர்களில் இரண்டு பேர் ஆலமரத்தைப் பற்றிய பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். தபேலா வாசிக்கும் அண்ணா தொடையில் தட்டிக் காட்டினார்: தா இரண்டு, ன ஒன்று, னா இரண்டு, ஆக ஐந்து. இது கண்ட நடை, தகிட தக. இந்த அளவுக்கு ‘ஏரியில்’ சரியாக விழும், ‘காலையில்’ விழும். ‘அல்சூர்’ விழாது, ஏனென்றால் அதில் இரண்டு கனத்த அசைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அப்படியானால் ஊர்ப் பெயரை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். இரண்டாவது வரியில் மெட்டு ‘தன்னானே’ என்று திறந்தது. அங்கே ‘அல்சூரில்’ என்று வைத்தபோது, அந்த இடத்துக்காகவே பிறந்த சொல் மாதிரி உட்கார்ந்தது. மெட்டும் மாறவில்லை, சொல்லும் போகவில்லை, இடம் மட்டும் மாறியது.

இன்னும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். உச்ச ஸ்வரத்தில் நீட்டி நிற்கும்போது ஆ, ஏ, ஓ என்று வாய் திறக்கும் ஒலி இருந்தால் குரல் விரியும். ‘வந்துவிட்டது’ என்று முடித்துவிட்டு அந்தத் ‘து’வை நீட்டினால் பாடுபவருக்குக் கஷ்டம், கேட்பவருக்கும் கஷ்டம், ‘வந்ததே’ என்றால் அதே பொருள், வாய் திறந்துவிடும். மெய்யெழுத்தில் நீட்ட வேண்டியிருந்தால் ன், ம், ல் ரீங்கரிக்கும். ட், ற் அடைத்துக்கொள்ளும். அடுத்தது, மூச்சு விடும் இடம். ‘வாடாமல்லி’ என்று எழுதி, ‘வாடா’ முடிந்ததும் மெட்டில் இடைவெளி வந்தால், பூ போய் யாரையோ ‘வாடா’ என்று கூப்பிடுவதாகிவிடும். கடைசியாக, தாளத்தின் தட்டு. பொருளைத் தாங்கும் எழுத்தில் தட்டு விழ வேண்டும். ‘உன்னை’ என்பதில் ‘உன்’ மேல் விழாமல் ‘னை’ மேல் விழுந்தால், பாட்டு ஏதோ நொண்டுவது போலத் தெரியும், காரணம் பிடிபடாது.

எதுகை மோனை கட்டாயமா? இப்பல்லாம் யாரு அதைப் பார்க்கிறாங்க?

கட்டாயம் இல்லை. ஆனால் முதல் தடவை கேட்டபோது காகிதம் இல்லாமல் எந்த வரியை எல்லாராலும் திருப்பிச் சொல்ல முடிந்தது என்று கவனித்துப் பாருங்கள். முதல் எழுத்து ஒன்றும் மோனையோ, இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையோ, கடைசியில் ஒலிக்கும் இயைபோ அந்த வரியில் பெரும்பாலும் இருக்கும். காது பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி வேண்டும், அவ்வளவுதான். எதுகைக்காகப் பொருந்தாத சொல்லை இழுத்து வருவதைவிட எதுகை இல்லாமலே விடலாம்.

பாட்டு ரொம்ப நீளம்னு சொல்லிட்டாங்க. எதை வெட்டுறது?

முதலில் சரணங்களைப் பாருங்கள். பல்லவி சொன்னதையே வேறு சொல்லில் சொல்லும் சரணம் போகலாம். பல்லவி ஒரு நிலையைச் சொன்னால், சரணம் நம்மை எங்காவது கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்ப வேண்டும். திரும்பி வந்து அதே பல்லவியைப் பாடும்போது அது கொஞ்சம் வேறாகக் கேட்க வேண்டும். மூன்று சரணம் எழுதி இரண்டை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பாட்டுல கன்னடம் கலந்து எழுதலாமா? நம்ம பேச்சே அப்படித்தானே இருக்கு.

பாட்டில் பேசுகிறவர் அப்படிப் பேசுபவர் என்றால் கலந்தே எழுதுங்கள். சிவாஜி நகர் ஆட்டோக்காரர் பாடும் பாட்டில் ‘ஸ்வல்ப’ (கொஞ்சம்) வந்தால் அது அவர் வாயிலிருந்து வருகிறது. தாலாட்டுக்கு நடுவில் சும்மா அழகுக்காகப் போட்டால் ஒட்டாமல் நிற்கும். கன்னடச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் மெட்டில் நன்றாகவே உட்காரும், அதையும் சொல்ல வேண்டும்.

எங்களுக்குச் சொல்லித்தரும் கலைஞர்களில் இரண்டு பேர் கன்னடக்காரர்கள். தமிழ் அரைகுறையாகப் புரியும். தமிழ் தெரியாதவர் தமிழ்ப் பாட்டுக்கு என்ன சொல்ல முடியும் என்று சிலர் தயங்குகிறார்கள். மேலே சொன்ன முதல் தடவைக் கேட்பில் மிகக் கூர்மையாகக் கேட்பவர்கள் அவர்கள்தான். பொருள் குறுக்கே வராததால், எந்த இடத்தில் ஓசை தடுக்குகிறது என்று உடனே விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள்.

நான் கானா எழுதுறேன். சாஸ்திரிய சங்கீதம் தெரிஞ்சவங்க அதை மதிப்பாங்களா?

மதிக்க வேண்டும், மதிக்கிறார்கள். கழுகுமலை முருகன் மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து, காவடி தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களின் கால் அடியிலிருந்து வந்த வடிவம். 26 வயதிலேயே, 1891இல், அவர் மறைந்துவிட்டார். அந்தக் காவடிச்சிந்தைக் கச்சேரி மேடையில் இன்றும் பாடுகிறார்கள். பாரதி கும்மியிலும் நொண்டிச்சிந்திலும் எழுதினார். தெருவிலிருந்து வந்த ஓசையை மேடை எப்போதுமே எடுத்துக்கொண்டிருக்கிறது.

கானாவுக்கென்று தனி நுணுக்கம் உண்டு. சாவு வீட்டில் இரவு முழுக்க இறந்தவரைப் பற்றி, அங்கேயே வரி கட்டிப் பாடிய மரபு அது. ஆகவே, யோசித்து யோசித்து இழைத்த வரி கானாவில் செயற்கையாகத் தெரியும். கானா வரும் நாளில் தோல்வாத்தியம் வாசிக்கும் கலைஞர் ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். சர்ச்சில் கீர்த்தனை பாடி வளர்ந்தவர்களும் இதே தயக்கத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்: உங்கள் காதில் ஏற்கனவே இருக்கும் ஓசையோடு வாருங்கள்.

விமர்சனம் கேட்டுட்டுப் போனேன். ஒரு வாரமா ஒரு வரி எழுத முடியலை. நான் என்ன பண்றது?

எழுதாதீர்கள். குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்துப் படியுங்கள். அறையில் கேட்டபோது பெரிதாகத் தெரிந்த பத்துக் குறைகளில் நான்கு தானாகவே உதிர்ந்திருக்கும். மீதி ஆறில் எது உங்களுக்கே முன்பிருந்து உறுத்திக்கொண்டிருந்ததோ, அதிலிருந்து தொடங்குங்கள்.

பல வருடம் முன்பு, வேறொரு இடத்தில், அம்மா இறந்த பிறகு எழுதிய ஒப்பாரி ஒன்றை நான் பாடிக் காட்டினேன். அங்கே பெரியவர் ஒருவர், இதெல்லாம் பாட்டா என்று எல்லார் முன்னிலும் கேட்டார். அதற்குப் பிறகு நான்கு வருடம் நான் எதுவும் எழுதவில்லை. பாட்டில் குறை இருந்தது, இப்போது எனக்கே தெரிகிறது. எந்த வரியில் என்று அவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பேன். இடத்தைக் காட்டாத விமர்சனம் எங்கள் அறையில் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

ரெண்டு பெரியவங்க எதிரெதிரா சொன்னா யார் பேச்சைக் கேட்கிறது?

சொன்ன தீர்வைப் பார்க்காமல் சொன்ன இடத்தைப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு, கீபோர்டு வாசிப்பவர் பல்லவியின் மூன்றாம் வரியை எடுத்துவிடச் சொன்னார். வயலின் அம்மா அதே வரியை இரண்டு தடவை பாடச் சொன்னார். எழுதிய தம்பி குழம்பிப்போனார். ஆனால் இரண்டு பேரும் விரல் வைத்தது மூன்றாம் வரியில்தான். அந்த வரி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவும் இல்லை, திருப்பிப் பாடவும் இல்லை. வரிக்கு முன்னால் ஒரு தாளச் சுற்று அளவுக்கு இடைவெளி விட்டார். வரி எழுந்து நின்றது. பெரியவர்கள் சொன்னதை அப்படியே செய்யவில்லையே என்று சங்கடப்பட வேண்டாம். இடத்தை மதித்தால் அவர்களை மதித்ததாகத்தான் அர்த்தம்.

நான் பாடிக் காட்டுற மெட்டை அங்க யாராவது எடுத்துட்டா என்ன செய்றது?

முதலில் சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய வரிக்கும் போட்ட மெட்டுக்கும் உருவாக்கியபோதே உரிமை வந்துவிடுகிறது; பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. வரி இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி உரிமை. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. சான்றாக இருக்கட்டும் என்று நினைத்தால் பதிப்புரிமை அலுவலகத்தில் ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டிப் பதியலாம். குறைந்தபட்சம், வருவதற்கு முன் பாட்டைப் பதிந்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள், தேதி நிற்கும்.

அறையில், எழுதியவர் அனுமதி இல்லாமல் யாரும் பதிவு செய்யக்கூடாது. இதுவரை ஒரு மெட்டும் திருடுபோகவில்லை. திருடுபோகும் என்ற பயத்தில் பூட்டி வைக்கப்பட்ட பாட்டுகளைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

நான் எழுதினேன், இன்னொருத்தர் மெட்டுப் போட்டார், அங்க நாலு பேர் யோசனை சொன்னாங்க. இப்போ பாட்டு யாரோடது?

வரி உங்களுடையது, மெட்டு அவருடையது. யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை. “இந்த வரி நீளம்” என்றவர் பங்கு கேட்க முடியாது, எங்கள் அறையில் கேட்டதும் இல்லை. ஆனால் ஒருவர் ஒரு முழு வரியைக் கொடுத்து, அதை நீங்கள் அப்படியே வைத்துக்கொண்டால் நிலைமை வேறு. அன்றைக்கே அவரிடம் கேளுங்கள்: பெயர் போட வேண்டுமா, பங்கு வேண்டுமா, அன்பளிப்பா? பதிலை வரித்தாளின் அடியிலேயே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவதுதான் எளிது.

ஒரு கம்பெனி என் பாட்டை வாங்கிக்கிறேன்னு பேப்பர் நீட்டுது. கையெழுத்துப் போடலாமா?

படிக்காமல் போடாதீர்கள். எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாட்டுக்கு, என்ன தொகைக்கு என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பல ஒப்பந்தங்களில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று தெளிவாகவே போட்டிருப்பார்கள். அந்தச் சொற்கள் கண்ணில் பட்டால் நின்று யோசியுங்கள்.

2012இல் வந்த திருத்தம் பாட்டு எழுதுபவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், பாட்டு பயன்படும்போது (தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர) வரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. அந்தப் பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுக்க, மும்பையில் 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. பாட்டு வெளியானதும் அதில் உறுப்பினராகுங்கள். ஒப்பந்தத்தை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். நான் பாட்டு எழுதுபவன், வக்கீல் இல்லை.

பாரதி பாட்டு, நாட்டுப்புற மெட்டு, பழைய சினிமா மெட்டு இதெல்லாம் எடுத்து என் பாட்டுல சேர்க்கலாமா?

மூன்றும் மூன்று விதம். பாரதி 1921இல் மறைந்தார். அவர் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது; பின்னர் அது பொதுமக்களுக்கு ஆக்கப்பட்டது. யாரும் மெட்டுப் போடலாம். யார் கட்டினார் என்றே தெரியாத நாட்டுப்புற மெட்டையும் எடுக்கலாம். ஆனால் யாரோ ஒருவர் பதிவு செய்து வெளியிட்ட ஒலியை வெட்டி ஒட்டக்கூடாது. எந்த ஊரில், யாரிடம் கேட்டீர்கள் என்று சொல்லிவிடுவது மரியாதை. சினிமா மெட்டுக்குச் சொந்த வரி எழுதுவது மிக நல்ல பயிற்சி, அளவுக்குச் சொல் பிடிக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், வெளியிடாதீர்கள்.

ஒரே பாட்டை எத்தனை தடவை கொண்டு வரலாம்?

மூன்று தடவை. ஏரிப் பாட்டு மூன்றாவது தடவைதான் முடிந்தது. நாலாவது தடவை வேண்டும் என்று தோன்றினால், அதற்குள் இன்னொரு புதுப் பாட்டை எழுதிக் கொண்டுவாருங்கள். பழைய பாட்டின் சிக்கல் பல நேரம் புதுப் பாட்டில் அவிழும்.

நான் ஓசூர் பக்கம் இருக்கேன், மாசாமாசம் அல்சூர் வர முடியாது. நாங்களே ஒண்ணு ஆரம்பிக்கலாமா?

ஆரம்பியுங்கள், நான்கு பேர் போதும். ஒரு அறை, ஒரு கடிகாரம், முதல் தடவை காகிதம் இல்லாமல் கேட்பது, பெரியவர் கடைசியில் பேசுவது. இவை இருந்தால் மற்றவை தானாக அமையும்.

கலைஞருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பிரபலமானவர்களைத் தேட வேண்டாம். உங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராவில் இருபது வருடம் கீபோர்டு வாசித்தவருக்கு ஆயிரம் பாட்டுகளின் உள்கட்டமைப்பு விரலில் இருக்கும். சர்ச்சில் பாடகர் குழுவைப் பயிற்றுவிப்பவர், கோயிலில் நாதஸ்வரமோ தவிலோ வாசிப்பவர், வீட்டில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மா, இவர்களிடம் போய், “எங்கள் பாட்டைக் கேட்டுச் சொல்வீர்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களை இதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். உறையை மறக்காதீர்கள். தேதியை முடிவு செய்துவிட்டுச் சொல்லுங்கள், முதல் கூட்டத்துக்கு எங்களில் ஒருவர் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்.